அடுப்போடு போன பயணம்

விற்காத பச்சைத் தேயிலை சாலையோரத்தில் அழுகும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். புளித்த மாவும் ஈரச்சாக்கும் கலந்தாற்போன்ற அந்த வாடை, கட்டபெட்டுக்குக் கீழே இருந்த எங்கள் எஸ்டேட் வரைக்கும் மூடுபனியோடு இறங்கி வந்து, காயப்போட்ட பள்ளிச் சீருடையில்கூட ஏறிக்கொள்ளும். தேயிலை விலை விழுந்துபோன வருஷங்கள் அவை. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அங்கே இலை உலர்த்தும் மாடியில் வேலை பார்த்த அப்பாவும், கொழுந்து பறித்த அம்மாவும், 'பிரட்டு' என்று சொல்லப்படும் காலை ஆள்கணக்குக்குத் தினமும் போய் நின்று, யாரும் பேர் கூப்பிடாததால் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்கென்று மிச்சம் இருந்தது லயத்தில் ஒரு 'காம்பரா' மட்டும்தான். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் வரிசை வீடுகளை லயம் என்றும், அதில் ஒரு குடும்பத்துக்கு விடப்பட்ட அறையைக் காம்பரா என்றும்தான் சொல்வார்கள். ஃபேக்டரி மறுபடி திறந்தால் லயத்தில் இருப்பவர்களுக்குத்தான் வேலை, காலி செய்துவிட்டுப் போனவர்களுக்கு வேலையும் கிடையாது, அறையும் கிடையாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. "காம்பரா இருக்கிற வரைக்கும்தான் நாம தோட்டத்து ஆளு" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தம்பிக்கும் கூரைத் தகரத்தைப் பார்த்தாலே ஒரு பயபக்தி வந்திருந்தது.

அப்படியும் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. தோற்றுப்போய் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்லிக்கொள்ள இருக்கிறது. விடிவதற்கு முன்னால் மூட்டைமுடிச்சுகளோடு இறங்கிவிடுவார்கள். அடுத்த நாளுக்குள் அந்தக் காம்பராவின் கதவு, கூரைத் தகரம், விறகு எல்லாம் மிச்சமிருக்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைத்திருப்பவள் வேறு என்ன செய்வாள்? எங்கள் அரிசிப் பானை இருந்த பலகையும் அப்படிப் போன ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான்.

அந்தச் சமயத்தில்தான் தெப்பக்காடு யானை முகாமில் புல் வெட்டும் வேலையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஆள் அனுப்பிச் சொன்னார்: காட்டுத் தீ பரவாமல் இருக்கக் கோடு வெட்டும் கூலி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அத்தான் நேரில் வந்து நின்றால் கேட்டுப் பார்க்கலாம் என்று. அப்பா தனியாகத்தான் போவதாக இருந்தார். "பிள்ளைங்க எங்கதான் போயிருக்கு? ஒரு தடவ யானையப் பாத்துட்டு வரட்டுமே" என்று அம்மா சொன்னாள். போக ஒரு நாள், இருக்க ஒரு நாள், வர ஒரு நாள். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் நால்வரும் சேர்ந்து போட்ட முதல் பயணத் திட்டம் அது.

அம்மா திட்டம் போட்டால் அதில் ஓட்டை இருக்காது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில் வேண்டும், வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் தலையை எண்ண வேண்டும், போகிற இடத்தில் குப்பை போட்டுவிட்டு வரக்கூடாது. எல்லாம் இன்றைக்கும் யாருக்கும் சொல்லத் தக்க யோசனைகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது: "பயணம்னா அடுப்போட போகணும்."

காரணம் இருந்தது. சிறு பெண்ணாக அம்மா இலங்கையிலிருந்து கப்பலேறிய அன்று, "அங்க எல்லாம் குடுப்பாங்க, சும்மா போங்க" என்று யாரோ சொன்னதை நம்பி அவள் வீட்டார் சட்டி பானையைக்கூடப் பக்கத்து லயத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இந்தக் கரையில் இறங்கியபோது காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு வெந்நீர் வைக்க ஒரு பாத்திரம் இல்லை. அந்தப் பிள்ளை மாமாதான். பிழைத்துக்கொண்டார். அம்மாவுக்குத்தான் அந்தக் காய்ச்சல் விடவில்லை. கோத்தகிரிச் சந்தைக்குப் போனால்கூட ஒரு சொம்பும் தீப்பெட்டியும் இல்லாமல் போகமாட்டாள்.

ஆகவே மூன்று நாள் பயணத்துக்கு மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, பாத்திரங்கள், கம்பளிகள், சாமி படம் எல்லாம் மூட்டையாயின. அப்பா பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் உலை ஏறாத நாளில் யானை பார்க்கப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? "சொன்னா கண்ணு படும்" என்றாள் அம்மா. இருட்டோடு கிளம்பினோம். அடுத்த காம்பராவின் பாக்கியம் அக்கா வாசலில் நின்றிருந்தாள். கிளம்புகிறவர்களைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பார்கள், அவள் கேட்கவில்லை. தம்பியின் கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து, அவன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். வழிக்குக் கொடுத்தாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஊட்டியில் இறங்கி, கூடலூர் வழியாக மைசூர் போகும் பஸ்ஸில் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து போனோம். மாமா வீட்டில் அத்தை மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மைனி, குடியே வந்துட்டீங்களா?" அடுப்பை அவிழ்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. மறுநாள் யானைகளுக்குப் பெரிய பெரிய களி உருண்டைகள் ஊட்டுவதைப் பார்த்தோம். "தினம் குடுப்பாங்களா?" என்று தம்பி கேட்டான். பாகன் ஆமாம் என்றார். தம்பி அதற்கப்புறம் யானையைப் பார்க்கவில்லை, உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவிடம், ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எதுவும் நடக்காததுபோல எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் கால் நனைக்க வைத்தார்.

சொன்னபடி மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பினோம். காம்பராவுக்குக் கதவு இல்லை. கூரையும் இல்லை. மூடுபனி உள்ளே இறங்கி, அடுப்பு இருந்த மூலையில் நின்றது. பாக்கியம் அக்கா வீட்டுக் கூரையில் எங்கள் தகரம், அப்பா தார் பூசி அடைத்த ஓட்டைகளோடு, தெளிவாகத் தெரிந்தது. அவள் வெளியே வந்து எங்களைப் பார்த்தாள்.

"போயிட்டீங்கன்னு நெனைச்சேன் தங்கச்சி. அடுப்பையே தூக்கிட்டுப் போனீங்களே."

பாக்கியம் அக்காவின் புருஷனே அந்த இருட்டில் ஏறித் தகரத்தைக் கழற்றிக் கொடுத்தார். கூரை திரும்பி வந்தது. காம்பராதான் வரவில்லை. காலி என்று காவல்காரர் ஆபீசுக்குச் சொல்லியாகிவிட்டது. காலையில் அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சூப்பர்வைசர் முன்னால் நின்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"காலி பண்ணலீங்க. பிள்ளைங்களுக்கு யானை காட்டப் போனோம்."

"ஏனுங்க, அடுப்போடயா யானை பாக்கப் போவாங்க? நான் மேல என்னன்னு சொல்லட்டுங்க?"

கப்பலையும் வெந்நீரையும் அந்த ஆபீஸ் மேசைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அப்பா எத்தனையோ நாள் ஆபீசுக்கு நடந்தார். பலிக்கவில்லை. கோத்தகிரியில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டுக்கு, ஏற்கெனவே கட்டியிருந்த அதே மூட்டைகளோடு போனோம். ஃபேக்டரி மறுபடி திறந்தபோது லயத்தில் இருந்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள். பாக்கியம் அக்கா இலை உலர்த்தும் மாடிக்கு வேலைக்குப் போனாள். அப்பா கடைசிவரை சந்தையில் மூட்டை தூக்கினார்.

இன்று நான் குன்னூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் போன் எடுக்கிறேன். இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதீர்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள், இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுங்கள், மூட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். லயம் இருந்த இடத்தில் தங்கும் விடுதி வந்துவிட்டது; அதற்கும் நான்தான் அறை பதிவு செய்து கொடுக்கிறேன். லயத்து ஆட்கள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. காம்பரா என்ற சொல்லே என் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நாங்கள் நால்வரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று எத்தனை முறை சொல்லியும் அம்மா கேட்டதில்லை. யாராவது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்பாள், அந்த ஒருவர் எப்போதும் அவளாகவே இருப்பாள். என் கல்யாணம் இந்தக் குன்னூரில்தான், கோயிலில் நடந்தது. அப்பாவும் தம்பியும் வந்திருந்தார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுப்பை எரியவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள்.