கிரீஸ் பூசிய வைஃபை கார்ட்

தபால் முத்திரை அளவுள்ள அந்த வைஃபை கார்டை மச்சான் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மச்சான் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். கற்பிட்டியில் படகு எஞ்சின் திருத்துபவர். என் பழைய மடிக்கணினியில் வைஃபை ஐந்து நிமிடம் வந்தால் பத்து நிமிடம் போய்விடும். அன்று காலை பத்து மணிக்குக் கொழும்புப் பயிற்சி நிலையமொன்றில் கணினி ஆசிரியை வேலைக்கு எனக்கு ஒன்லைன் நேர்முகம். திரையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்பதால் போன் உதவாது. மூன்று வருடம் விண்ணப்பித்து முதன்முதலாக வந்த அழைப்பு. மாற்றவென்று வரவழைத்த புதிய கார்டோ எட்டரைக்குத்தான் பஸ்ஸில் வந்து இறங்கியது.

கணினி படித்தவள் நான். ஆனால் ஒன்றையும் திறந்து பார்த்தவளில்லை. திருகாணியின் தலையில் ஸ்குரூ டிரைவர் இரண்டு முறை வழுக்கியது. மச்சான் வாங்கிக்கொண்டார். அடிமூடியைத் திறந்து, பழையதை எடுத்து, புதியதைச் செருகினார். கணினியைப் போட்டால் திரையில் வைஃபை என்ற பேச்சே இல்லை. திரும்பக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். கார்டின் பொன்னிறப் பற்களில் ஏதோ பிசுபிசுத்தது.

"என்ன மச்சான் பூசினீங்க?"

"கிரீஸ். உப்புக் காத்து புள்ள, பூசாட்டி துருப்புடிச்சிரும்."

எங்கள் கரையில் கதவுப் பிணைச்சல் முதல் சைக்கிள் வரை எந்த இரும்பும் கிரீஸ் படாமல் தப்பாது. அது தெரிந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இது என்ன போட் எஞ்சினா? என்ட வாழ்க்கையக் கெடுத்துட்டீங்க."

ராத்தாவின் முன்னால்தான் சொன்னேன். அவர் எழுந்து போனார். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவந்து, காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். பிறகு பென்சில் முனை அழிறப்பரால் மெல்லத் தேய்த்தார். பத்துமணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கணினி கார்டை அடையாளம் கண்டது. ஆனால் அன்டெனா வயரின் தலை நெளிந்துபோய்க் கவ்வவில்லை. விரலால் அழுத்தினால் சிக்னல் வந்தது, விட்டால் விழுந்தது. மடிக்கணினியை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலமாக வைத்தோம். மச்சான் திரைக்குப் பின்னால் முழந்தாளிட்டு, கீழே கையை விட்டு, பென்சிலின் றப்பர் முனையால் அந்த வயரை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கமெராவுக்கு அவர் தெரியமாட்டார். எனக்கு, கமெராவுக்கு மேலே அவருடைய முகம்.

முக்கால் மணிநேரம் இணைப்பு அறவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டார், பழுதான கருவியை நீங்களே திருத்திய அனுபவம் உண்டா என்று.

"இன்று காலைதான் இந்த வைஃபை கார்டை மாற்றினேன்," என்றேன். "வீட்டில் ஒருவர் தெரியாமல் கிரீஸ் பூசிவிட்டார். நான்தான் துடைத்துச் சரிசெய்தேன்."

அவர்கள் சிரித்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான் யாரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன் என்பது உறைத்தது. இணைப்பு அப்போதும் அறவில்லை.

வேலை கிடைத்தது. வீட்டில் சொந்தங்களைக் கூப்பிட்டுக் கந்தூரி விருந்துச் சோறு ஆக்கினோம். சொந்தக்காரர்கள் என்னிடம் நேர்முகக் கதை கேட்டார்கள். மச்சான் முந்திக்கொண்டார்.

"ஓம், நான்தான் கிரீஸைப் பூசிப்போட்டன். புள்ள தனியத் துடைச்சி சரியாக்கினா."

இன்று மாணவர்களுக்குக் கார்ட் மாற்றப் பழக்குகிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மச்சான் அதை அப்படியேதான் சொல்கிறார். வெட்கமாக இருக்கிறது. இன்னும் நான் மறுத்துச் சொல்லவில்லை.