ரந்து கெம்பாரில் ஆறு சிகரெட்

தர்சுமுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தது லாரி முதலாளி ஹாஜி மஸ்கூரிதான். பழுப்பு நிற பாத்திக் சட்டை, கடை மடிப்புகூடக் கலையவில்லை.

"இதைப் போட்டுக்கிட்டுப் போய் அந்தம்மா முன்னால ஒரே ஒரு பேச்சு பேசு. லோடுல ஒண்ணுமில்ல, எல்லாம் ஓட்டுறவன் கையிலதான் இருக்குன்னு சொல்லு. போதும்," என்றார். முதலாளி ஓட்டுநருக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறார் என்றால் சும்மாவா கொடுப்பார்?

விஷயம் இதுதான். அதிக பாரத்தோடு லாரி பிடிபட்டால் ஓட்டுநருக்கு அபராதம், மறுபடி பிடிபட்டால் ஜெயில் என்று ஒரு சட்டம் வரப்போவதாக எங்கள் வடகரைக் கடலோரம் முழுக்கப் பேச்சு. ஏற்றச் சொன்னவன் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பானாம், ஓட்டினவன் கம்பி எண்ணவேண்டுமாம்! எரிச்சல் வருமா வராதா? இரண்டு நாளாக லாரிகளை ரோட்டோரம் வரிசையாக நிறுத்திவிட்டு எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள், கருத்துக் கேட்கப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து லஸ்த்ரி என்ற அதிகாரியம்மா கிராம மண்டபத்துக்கு வருவதாகச் சொன்னார்கள்.

அவர் முன்னால் பேசத் தர்சுமை விட்டால் வேறு ஆள் ஏது? இருபது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன், இப்போது நாற்பத்து மூன்று. இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அவனைவிட மூத்தவர்கள்கூட 'காங் தர்சும்' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு மகள்கள். மூத்தவளைக் கட்டிக் கொடுத்ததும் இளையவளைப் படிக்க வைப்பதும் அந்த ஆறு சக்கர லாரி போட்ட சோறுதான். லாரியோ ஹாஜியாருடையது. அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டால் இந்த வயதில் இன்னொருத்தர் கூப்பிட்டுக் கொடுப்பாரா? அவருடைய பேச்சைப் பேசிவிட்டால் லாரி நிலைக்கும். ஆனால் திங்கட்கிழமை மறுபடி பதினெட்டு டன்.

அந்தப் பதினெட்டு டன்னோடுதான் ரந்து கெம்பார் இறக்கத்தில் இறங்கவேண்டும். உச்சியில் இரட்டை இலவ மரம், இறக்கத்தின் பேருக்கு அர்த்தமே அதுதான். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஒரே சரிவு. லாரியின் புத்தகத்தில் எழுதியிருப்பது எட்டு டன். பக்கவாட்டில் பலகை அடித்து உயர்த்தி, சிமெண்ட் மூட்டைகளை மலையாகக் குவித்து அனுப்புவார் ஹாஜியார். பயம் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் வாயிலேயே எடுக்கமாட்டார்கள். மரத்தடியில் நிறுத்தி, மூன்று தரம் ஹார்ன் அடித்து, அந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் காவல் இருக்கும் பெரியவருக்குக் கிராம்பு சிகரெட் போட்டுவிட்டு இறங்குவார்கள். சரியான பாரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டு டன்னுக்கும் இன்னொன்று. யார் போட்ட கணக்கோ தெரியாது, ஆனால் இதில் மட்டும் எவனும் ஏமாற்றமாட்டான். எடைமேடையில் பொய் சொல்லலாம், அந்த மரத்தடியில் சொல்ல முடியுமா?

மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் ஹாஜி மஸ்கூரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தர்சும் எழுந்தான்.

"லோடுல ஒண்ணுமில்லைங்கம்மா. எல்லாம் ஓட்டுறவன் கையிலதான். இருபத்து மூணு வருஷமா ரந்து கெம்பார்ல இறங்குறேன். ஒரு கீறல் கிடையாது."

ஹாஜியார் தலையை ஆட்டினார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். லஸ்த்ரி அம்மா நிஜமாகவே வியந்துபோய், "அது எப்படிங்க முடிஞ்சுது?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அல்லா புண்ணியம்மா. அப்புறம் மரத்தடி பெரியவருக்குக் குடுக்கவேண்டியதை ஒரு நடைகூடக் குறைச்சதில்லை."

"என்ன குடுப்பீங்க?"

"சிகரெட்டுதாங்க."

"எத்தனை? போன நடையில எத்தனை போட்டீங்க?"

"ஆறு," என்றான் தர்சும், பெருமையாக.

 பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரிக்க, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். அந்தம்மா ஒன்றும் புரியாமல் முழித்தார். "ஏன் சிரிக்கிறீங்க? ஆறு போட்டா என்ன?"

கஸ்னோ என்று ஒரு ஓட்டுநர், வாய் சும்மா இருக்காது. "எட்டு டன்னுக்கு ஒண்ணும்மா. மேல ரெண்டு ரெண்டு டன்னுக்கு ஒவ்வொண்ணு. காங் தர்சும் ஏத்திக்கிட்டுப் போனது எவ்வளவுன்னு நீங்களே கூட்டிப் பாத்துக்கோங்க!"

தர்சும் நாக்கைக் கடித்துக்கொண்டான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே! ஹாஜியாரின் முகம் கறுத்துவிட்டது. ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் இருபத்து மூன்று வருஷம் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போது பார்த்து வெளியே வந்துவிட்டது.

"ஆமாங்கம்மா. பதினெட்டு டன். பயமா இருக்குங்க. ஒவ்வொரு தடவையும் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் இறங்குறேன். கையிலதான் எல்லாம் இருக்குன்னு சொன்னேனே, பிரேக் சூடாகிப் புகைய ஆரம்பிச்சா இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கஸ்னோ மெதுவாக, "நான் அஞ்சு," என்றான். இன்னொருவன் ஏழு என்றான். "நான் பாக்கெட்டோட வீசிட்டேம்ப்பா!" என்று மூலையிலிருந்து ஒரு குரல். நாலாபுறமிருந்தும் எண்கள் வந்து விழுந்தன. அடப்பாவிகளா, இத்தனை பேரும் பயந்து பயந்தா வண்டி ஓட்டினீர்கள்!

"சட்டம் வேணாம்னு சொல்லலைங்க," என்றான் தர்சும். "எங்க தலையில மட்டும் கட்டாதீங்க. ஏத்தச் சொன்னவரையும் அதுல எழுதுங்க. ஏத்தமாட்டேன்னு சொல்ற டிரைவர்கிட்டேருந்து வண்டியைப் பிடுங்கக்கூடாதுன்னு எழுதுங்க."

லஸ்த்ரி அம்மா நிமிராமல் எழுதிக்கொண்டார். "மேல கொண்டுபோறேன். முடிவு என் கையில இல்லை. ஆனா இதை விடமாட்டேன்," என்றார்.

கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலிலேயே ஹாஜி மஸ்கூரி கையை நீட்டினார். "சாவியைக் குடு."

தர்சும் கொடுத்தான். அவர் அதை வாங்கிய சூட்டோடு கஸ்னோவிடம் நீட்டினார். "நாளையிலேருந்து நீ எடு."

கஸ்னோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "பதினெட்டு டன்னுக்கா ஹாஜியாரே? எனக்கு நெஞ்சு வலிங்க." பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினார். அவனுக்கு முதுகு வலியாம். அடுத்தவனுக்குப் பல்வலி. வடகரையின் அத்தனை வியாதியும் அந்த வாசலில் வந்து நின்றது. கடைசியில் சாவியும் ஹாஜியாருமாகத் தனியே நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தர்சுமின் மனைவி ருமினி திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சோற்றைப் போட்டு, தெம்பே என்கிற சோயா வறுவலை இரண்டு மடங்காக வைத்தாள். "இருபத்து மூணு வருஷம் கழிச்சாவது வாய் தொறந்துச்சே," என்றாள். அவ்வளவுதான்.

கூட்டம் நடந்த நாலாம் நாள் காலை ஹாஜியார் ஆள் அனுப்பாமல் தானே வந்தார். கிடங்கில் சிமெண்ட் அடுக்கியது அடுக்கியபடி கிடக்கிறது, மழை வேறு வரும்போல இருக்கிறது. வேறு வழி? சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "எவ்வளவுதான் ஏத்துவே?"

"புத்தகத்துல இருக்கிறதை."

"ரெண்டு நடைக்கு மேல ஆகுமே!"

"ஆகட்டுமே ஹாஜியாரே. வந்து சேரும்ல?"

முணுமுணுத்துக்கொண்டே போனார். சட்டம் வருமோ வராதோ, வந்தாலும் எப்படி வருமோ, அது மேலே இருப்பவர்கள் பாடு. அன்று காலை எட்டு டன்னோடு தர்சும் ரந்து கெம்பாரில் இறங்கினான். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. தொட்ட இடத்தில் பிரேக் பிடித்தது. பாதி இறக்கத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டான்.

கீழே சமவெளியில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்றவன், தன் வலது காலையே குனிந்து பார்த்தான். ஏழெட்டு வருஷமாகவே இந்த இடத்தில் இறங்கினால் அந்தக் கால் நடுநடுங்கும். லாரியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றால்தான் அடங்கும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். இன்று கால் தேமே என்று நின்றது. தரையை ஒரு உதை உதைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போன் போட்டான். 

"ருமினி, எனக்கு வயசாகலடி!"