முன்னால் வாசனை, பின்னால் கலியபெருமாள்

கலியபெருமாள் இறந்த செய்தி எனக்கு ஒரு சந்தேகமாகத்தான் வந்து சேர்ந்தது. நான் பெரம்பலூரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அரியலூர் பேருந்து நிலையத்தருகே மெஸ் நடத்தும் மாரிமுத்து கைபேசியில் அழைத்தார்.

"சார், நம்ம சானிட்டரி இன்ஸ்பெக்டரு காலையில போயிட்டாருங்கிறாங்க. நெசந்தானா? நீங்க அடுத்த வூட்டுக்காரரு, அதான் கேக்குறேன்."

"சந்தேகம்னா நேர்ல போய்ப் பாக்குறதுதானே?"

"போனா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, கடையில யாரு இருக்கான்னு கேப்பாரு சார். பழனிக்குப் போறேன்னு என்கிட்டயே சொல்லிட்டு மறுநாளு என் அடுப்பாங்கரையில நின்ன ஆளு."

"அவரு ரிட்டயராகி ஒரு வருசமாச்சு, மாரிமுத்து."

"அதுவே எனக்கு டவுட்டுத்தான் சார்."

என் மனைவி வசந்தாவை அழைத்துக் கேட்டேன். உண்மைதான். தூக்கத்திலேயே போயிருந்தார். முன்னறிவிப்பின்றி வருவதுதான் அவர் வழக்கம், போவதிலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பெரம்பலூர் தனி மாவட்டமான சமயத்தில் அவர் அரியலூருக்கு மாற்றலாகி வந்தார். பின்னர் அரியலூரும் மாவட்டமானது, சிறிது காலத்தில் ஆகாமலும் போனது. வீடு மாறாமலே நாங்கள் மாவட்டம் மாறிக்கொண்டிருந்தோம். ஊரே பட்டாசு வெடித்த நாளில் அவர் மட்டும், "போர்டுல பெயின்ட் காயட்டும், அப்புறம் நம்பலாம்" என்றார். பெயின்ட் காய்ந்தது. மாவட்டம் நிற்கவில்லை. அதன்பின் அவர் சந்தேகங்களுக்கு ஊரில் மரியாதை கூடியது.

உணவகம் நடத்திய எவருக்கும் அவருடைய ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும்: "முன்னால ஊதுபத்தி கொளுத்தியிருந்தா, பின்னால போய்ப் பாரு." கல்லாவில் சந்தன ஊதுபத்தி புகைந்தால் அவர் கல்லாக்காரருக்கு வணக்கம்கூடச் சொல்லமாட்டார். நேரே கொல்லைக்குப் போவார். திரும்பும்போது கையில் நேற்றைய வடையோ முந்தாநாள் சட்னியோ இருக்கும். ரயில்வே கேட்டில் நின்றபடி பஸ் ஸ்டாண்டில் ஊசிப்போன சாம்பாரை மோப்பம் பிடிப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை, மறுத்ததும் இல்லை.

சில நாட்களில் மனைவி சரோஜா அக்காவோடு சாப்பிட வருவார். பில்லைக் கேட்டு வாங்கிப் பணம் கொடுப்பார். அரசு ஊழியர் பணம் கொடுத்துச் சாப்பிடுவதில் என்ன உள்நோக்கம் என்று கடைக்காரர்கள் குழம்பினார்கள். அக்காவைப் பற்றி மாரிமுத்துவுக்கு ஒரே குறைதான்: "அந்தம்மாவுக்கு நாக்கு ரொம்ப நீளம் சார். பாதி சாப்பாட்டுல சுடுதண்ணி கேக்கும். நாங்க தண்ணி கொதிக்க வைக்கிற நேரத்துல இவரு அடுப்பாங்கரைக்குள்ள பூந்துடுவாரு."

இனி ஒரு மெழுகுவத்தியின் கதைக்கு வருகிறேன்.

2004 மழைக்காலத்தில் வசந்தாவின் தம்பி அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்தான். கண்ணாடிக் குவளையில் வார்த்த மெழுகுவத்திகள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தான். சோயா மெழுகில் செய்தவை, இயற்கை மணம் மட்டுமே சேர்த்தவை, ஏற்றிவைத்தால் அறை புத்துணர்ச்சி பெறும் என்று உறையில் அச்சிட்டிருந்தது. எங்கள் கூடத்தில் ஈரத்துணியும் சுண்ணாம்புக்கல் லாரிகள் விட்டுச்செல்லும் புழுதியும் கலந்து ஒரு நிரந்தர வாடை உண்டு. அன்று மாலை வசந்தா ஒன்றை ஏற்றினாள். உண்மையாகவே லவங்கமும் ஆரஞ்சுத் தோலும் மணந்தன. எனக்கே வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டது போலிருந்தது.

கலியபெருமாள் செய்தித்தாள் வாங்க வந்தார். மேலே எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தார், கீழே எரிந்த மெழுகுவத்தியைப் பார்த்தார்.

"கரண்ட் இருக்கே தங்கச்சி, இது எதுக்கு?"

"ரூம் வாசனையா இருக்கட்டும்னுதாண்ணே. சோயாவுல செஞ்சது."

"சோயான்னா? அந்த மீல் மேக்கரா? குருமாவுல போடுற சாமானை எதுக்கு எரிக்கிறீங்க?"

"வாசனைக்குண்ணே."

"அப்ப வூட்டுல என்ன நாத்தம்?"

"ஒண்ணும் இல்லண்ணே!"

"ஒண்ணும் இல்லாத வூட்டுக்கு வாசனை எதுக்கு?" என்றபடியே கொல்லைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். தண்ணீர்த்தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் குச்சியை விட்டுக் கிளறினார். செத்துச் சில நாளான பெருச்சாளி ஒன்று வெளியே வந்தது.

"மூக்குன்னா இதுதாங்க மூக்கு" என்றாள் வசந்தா. அவமானத்தை மறைக்க ஒரு மெழுகுவத்தியைச் சரோஜா அக்காவுக்குப் பரிசாகவும் கொடுத்தனுப்பினாள்.

அக்கா முகர்ந்து பார்த்தார். இவ்வளவு நல்ல வாசனை மனிதர்களுக்காக இருக்க முடியாது என்று முடிவு செய்தார். குவளைக்குக் குங்குமப் பொட்டு வைத்துச் சாமி அலமாரியில் முருகன் படத்தின் முன் வைத்துவிட்டார். அறையைப் புத்துணர்ச்சியாக்க அமெரிக்காவில் பிறந்த மெழுகுவத்தி அரியலூரில் விளக்காகப் பதவி உயர்வு பெற்றது. சாமி விளக்கை வாயால் ஊதி அணைப்பது பாவம் அல்லவா? தினமும் இரவு ஒரு பூவால் திரியை அழுத்தி மலையேற்றினார்கள்.

ஒரு மாலை அக்கா தா.பழூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். எண்ணெய் விளக்கென்றால் கணவர் கொட்டிவிடுவார், மெழுகுவத்தியையே ஏற்றிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். துணைக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கலாம் என்று நான் போனேன். வாசற்படியிலேயே தூக்கிவாரிப் போட்டது. உள்ளிருந்து சமையல் எரிவாயுவின் நெடி வந்துகொண்டிருந்தது. கூடத்தில் மெழுகுவத்தி நிதானமாக எரிந்தது. அதன் பக்கத்தில் கலியபெருமாள் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், கேஸ்! கேஸ் லீக்காவுது!" என்று கத்திக்கொண்டே அலமாரியிடம் ஓடி வாயைக் குவித்தேன்.

அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "ஊதாதீங்க வாத்தியாரே! சாமி விளக்கு! இருங்க, பூ எடுத்தாறேன்."

"பூவா?"

"கொல்லையில செம்பருத்தி இருக்கு, ஒரு நிமிசம்…"

அந்த ஒரு நிமிடத்தை முருகனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஊதினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சமையலறையில் பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது, எரிவாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தோம்.

"சார், தெருவுல எனக்கு அடிச்ச நெடி உள்ள உக்காந்திருந்த உங்களுக்கு எப்படி அடிக்கல?"

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு எந்த நெடியும் அடிக்காது வாத்தியாரே. இந்த ஊருக்கு வந்த புதுசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, கூடவே மூக்கும் போச்சு."

"அப்ப எங்க வூட்டுப் பெருச்சாளி?"

"வரும்போதே உங்க தண்ணித்தொட்டி மேல காக்கா ரெண்டு உக்காந்து கீழ பாத்துச்சு. உள்ள வந்தா ஈ. மூக்கு ஏமாறும் வாத்தியாரே, ஒரு ஊதுபத்தி போதும் அதுக்கு. ஈயை எந்த ஊதுபத்தியும் ஏமாத்தாது."

"சாம்பார்? சட்னி?"

"அதுக்குத்தான் சரோசா. கெட்டுப்போயிருந்தா சுடுதண்ணி கேப்பா. நான் எந்திரிச்சுப் போவேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. வெளிய தெரிஞ்சா, நான் அபராதம் போட்ட அத்தனை பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. மூக்கில்லாதவன் எழுதின ரிப்போர்ட்டுன்னு சொன்னா எது நிக்கும்? வேலை போவும், பென்ஷன் போவும். பொம்பளைய வச்சுப் பொழச்சான்னு பேரு மட்டும் மிஞ்சும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை, வசந்தாவிடம்கூட. ஆனால் ஊருக்கு எப்படியோ ஒரு சந்தேகம் வந்திருந்தது. சந்தேகப்படுவதை அவரே அல்லவா ஊருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்! அவருடைய பணிநிறைவு விழாவில், ஓய்வூதிய ஆணை கைக்கு வருவதற்கு முன்பே, மாரிமுத்து கடைக்காரர்கள் சார்பில் ஒரு சிறு பொட்டலத்தோடு மேடையேறினார். உள்ளே ஒரு வாசனை மெழுகுவத்தி. பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"நம்ம சார் மூக்குக்குக் கடைசியா ஒரு பரீட்சை. கண்ண மூடிக்கிட்டு இது என்ன வாசனைன்னு சொல்லணும்."

கூட்டம் கைதட்டியது. மேலதிகாரி முன்வரிசையில் இருந்தார். அக்கா பெண்கள் பக்கம் வெகுதொலைவில், சுடுதண்ணீர் கேட்டாலும் காதில் விழாத தூரத்தில் இருந்தார். கலியபெருமாள் கண்ணை மூடி, மெழுகுவத்தியை மூக்கருகே கொண்டுபோய், நன்றாக இழுத்து மூச்சுவிட்டார். கண்ணைத் திறந்தார்.

"மாரிமுத்து, இன்னைக்கு விருந்துச் சமையலு உன்னோடதுதானே?"

"ஆமா சார்."

"முன்னால இவ்வளவு வாசனையா?" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி நேரே பின்கட்டுக்குப் போனார். மாரிமுத்து அலறிக்கொண்டு பின்னால் ஓடினார். மண்டபமே எழுந்து நின்று சிரித்தது. அவர் திரும்பி வந்தபோது யாருக்கும் பரீட்சை நினைவில்லை. ஆணையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தபின் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பின்னொரு நாள் அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி. செத்தவரைச் சஸ்பெண்டு பண்ணுவாங்களா? பண்ணுனாலும் பண்ணுவாங்க, எதுக்கும் தேதிய மட்டும் சரியாப் போடாதீங்க" என்றார். இத்தனை ஆண்டுக் குடித்தனத்தில் சந்தேகமும் பொதுச்சொத்தாகியிருந்தது.

அவர் போன அன்று அடக்கம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்தபோது வீட்டு முன்புறம் ஊதுபத்தியும் பன்னீரும் ரோஜாவுமாக மூச்சு முட்டியது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் மாரிமுத்து தன் செலவில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது அவருக்கு. ஒரு வாய் சாப்பிடும்படி பெண்கள் அக்காவைக் கெஞ்சினார்கள். அக்கா சோற்றைப் பிசைந்தார். உருண்டையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க" என்றார்.

யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ எழுந்திருப்பார் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். அந்த இடம் காலியாக இருந்தது. அப்போதுதான் அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

கலியபெருமாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் எழுந்து போகும் அந்தப் பழக்கம் ஒன்றுதான். நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். அண்டாக்களுக்கு நடுவில் நின்ற மாரிமுத்து என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சார் வேணும்?"

"சாம்பார் மூடியைத் திறங்க" என்றேன்.