தேவமலரின் காலி கேமரா

தேவமலருக்கு மறதி என்பதே கிடையாது. மலேசியாவில், மலாக்கா பக்கத்துக் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக மின்சுற்றுப் பலகைகளை உருப்பெருக்கியில் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. மயிரிழை விரிசல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவளிடம் ஒரு மனிதர் செய்யக்கூடாததைச் செய்துவிட்டு, ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்காமல் போனால் சும்மா விடுவாளா?

அந்த மனிதர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் விமலனின் அண்ணன் கோகுலராஜ்.

விமலன் லோரி ஓட்டியவன். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்து இவளைக் கட்டிக்கொண்டவன். ஒரு நாள் மலாக்கா டவுனில் பழைய சாமான் விற்பவனிடம் ஒரு பிளாஸ்டிக் கேமராவைப் பார்த்து வாங்கி வந்தான். "பொம்மை மாதிரி இருக்கு, உனக்குத்தான்" என்றான். பொம்மைதான். லென்ஸே பிளாஸ்டிக். படம் நடுவில் தெளிவாகவும் ஓரமெல்லாம் கலங்கியும் விழும். ஒரு பிலிம் ரோலுக்குப் பன்னிரண்டே படம். வாரமெல்லாம் துல்லியத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவளுக்கு அந்தக் கலங்கல் பிடித்துப்போனது.

பிறகு விமலனுக்குச் சிறுநீரகம் கெட்டது. சாவதற்கு மூன்று வாரம் முன்பு, "கடலைப் பார்க்கணும் புள்ள" என்றான். மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். பன்னிரண்டு படமும் அவனையே எடுத்தாள். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பை அவள் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. ரோலைக் கழுவக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி அலைச்சலில் அது கேமராவுக்குள்ளேயே கிடந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று, பேப்பரில் நினைவஞ்சலி போட நல்ல படம் தேடினார்கள். "கடைசியா எடுத்தது இதுக்குள்ளதான் இருக்கு மாமா, கழுவணும்" என்று கேமராவைக் காட்டினாள். எல்லாம் தெரிந்தவர் அல்லவா கோகுலராஜ்! "எங்க, பார்ப்போம் லா" என்று பின்மூடியைக் கழற்றி, சுருளை உருவி, வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கழுவாத பிலிமில் வெயில் பட்டால் முடிந்தது கதை. அவள் போட்ட அலறலில் பூசாரி மந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

"ஒண்ணுமே இல்லையே இதுல! இதுக்குப் போயா இந்தக் கத்து? பொம்மைதானே, வேற வாங்கித் தரேன் லா."

சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி. பேப்பரில் விமலன் அடையாள அட்டைப் படத்தோடு, போலீசில் பிடிபட்டவன் மாதிரி முறைத்துக்கொண்டு வந்தான்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சனங்கள் சமாதானம் சொன்னார்கள். பூமி யாருக்கு வேண்டும்? கோகுலராஜின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவளுக்குப் போதும். திரும்ப வராத ஒரு நாள். அதை அவர் கண் முன்னாலேயே இல்லாமல் ஆக்க வேண்டும்.

ஆறு வருடம் போனது. தேவமலர் குளியலறையை இருட்டாக்கி ரோல் கழுவக் கற்றாள். தொழிற்சாலை பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் பெண்களை எடுத்தாள். டவுனில் ஒரு காப்பிக் கடைக்காரர் அந்தப் படங்களைச் சுவரில் மாட்டினார். இளவட்டங்களுக்குப் பிலிம் மோகம் பிடித்திருந்த நேரம். அப்போதுதான் கோகுலராஜ் மகள் திலகாவின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார்.

"மலரு, திலகா ஒரே பிடிவாதம். டிஜிட்டல் ஆளு புக் பண்ணியாச்சு. இருந்தாலும் சித்தி பிலிம்ல எடுத்தாதான் ஆச்சாம். இப்ப இதானே ஃபேஷன்."

"அதுக்கென்ன மாமா, எடுத்துட்டா போச்சு" என்றாள். வயிறு குளிர்ந்துபோனது அவளுக்கு.

கல்யாணத்தன்று கேமராவில் பிலிம் போடவில்லை. காலிக் கேமராவை மாட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்கு முன்னாலிருந்தே சொடுக்கித் தள்ளினாள். கோகுலராஜ் வேட்டியை இழுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றபோதெல்லாம், "அப்படித்தான் மாமா, சிரிங்க" என்றாள். நடுநடுவே ஒதுங்கிப் போய் ரோல் மாற்றுவது போல் பாவனை வேறு. டிஜிட்டல் படம் இருந்தால் இருக்கட்டும்; மறுவீட்டு விருந்தில், சொந்தக்காரர் அத்தனை பேர் நடுவில், "ஒண்ணுமே இல்லையே இதுல" என்று அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது திட்டம்.

மணப்பெண் அறையில் திலகாவின் சடையிலிருந்து பூ நழுவியது. தேவமலர் பக்கத்தில்தான் நின்றாள். தாலியறுத்தவள் பூவைத் தொடலாமா என்று பெண்கள் முணுமுணுத்து அவளை ஒதுக்கப் பார்த்தார்கள்.

"சித்திதான் வைக்கணும். இல்லாட்டி நான் மணவறைக்கு வரல" என்றாள் திலகா.

தேவமலர் கேமராவை அவள் மடியில் வைத்துவிட்டுப் பூவைச் செருகினாள். பையில் புது ரோல் இருந்தது. போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆடு பகை, குட்டி உறவா? வெயிலில் தொங்கிய சுருள் கண்ணுக்குள் வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். தாலி ஏறியபோதும் வெறும் கேமராவைத்தான் சொடுக்கினாள். திலகா அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

விருந்து நாள் வந்தது. கோகுலராஜ் கல்யாண வீடியோவைப் போட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்களை உட்கார வைத்திருந்தார். தேவமலர் காத்திருந்தாள். மனுஷன் கேட்கவே இல்லை.

"மாமா, என் படம் வேணாமா?"

"எந்தப் படம்? ஓ, அதுவா! மெதுவா குடு லா. இதுலயே ஆயிரத்தைந்நூறு படம் இருக்கு."

"அன்னைக்கு அவர் காரியத்துல என் ரோலைப் பிரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ரோலா? எந்த ரோலு?" கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

நடிப்பில்லை. மனுஷனுக்கு நிஜமாகவே நினைவில்லை. ஆறு வருடம் அவள் நெஞ்சில் எரிந்தது அவருக்கு ஒரு தும்மல் அளவுக்குக்கூட இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே தேவமலர் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

திலகா பின்னாலேயே வந்தாள்.

"சித்தி, பூ வைக்கிறப்ப கேமராவை என் மடியில வச்சீங்கல்ல? ரோல் இருந்தா பின்னாடி சிவப்புச் சன்னல்ல நம்பர் தெரியும். என்கிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. உங்களுதுல நம்பரே இல்ல."

"தெரிஞ்சுமா சிரிச்ச?"

"அன்னைக்கு வாசல்ல நானும்தான் நின்னேன். நீங்க கத்துனது இன்னும் என் காதுல இருக்கு. அப்பா மறந்துட்டாரு, எனக்கு மறக்கல. உங்க ஆத்திரம் என் கல்யாணத்தோட தீரட்டும்னுதான் சிரிச்சேன்." பாயசக் கரண்டியைக் கையில் எடுத்தவள், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அப்புறமாவது ரோல் போட்டீங்களா சித்தி? தாலி கட்டுறப்ப?"

தேவமலருக்கு எந்தப் பொய்யும் வரவில்லை.

"இல்லம்மா. ஒண்ணுகூட எடுக்கல."

திலகா தலையை ஆட்டிவிட்டு, கூடத்தில் பாயசம் கேட்டுக் கூப்பிட்ட அப்பாவுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.