கையை எடுத்தால் அணையும் பித்தான்

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது, கூடவே மாம்பலத்திலிருந்து என் அத்திம்பேரும் வந்து சேர்ந்தார். அக்காவின் புருஷர். ஆபீஸில் கடிதம் நகலெடுக்கிற உத்தியோகம். எஞ்சினீயர் மூளை என்று நினைப்பு.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஜன்னலில்லாத பூஜை அறையில் குத்துவிளக்கு வெளிச்சம் போதவில்லை. பார்வை முழுக்க மறைவதற்குள் படத்திலிருக்கும் அம்பாள் முகத்தை ஒரு தடவை தெளிவாகப் பார்த்துக் கும்பிட்டுவிட வேண்டும் என்பாள். அதற்காகவே அங்கே ஒரு பல்பு போட ஏற்பாடு செய்தேன்.

"சாதாரண ஸ்விட்ச் எதுக்குடா? சீமையிலே இப்போ எல்லாம் அழுத்தற பித்தான்தான்" என்று அத்திம்பேர் ஒன்றை வாங்கி வந்தார். வட்டமாக, நடுவில் தந்த நிறத்தில் ஒரு குமிழ்.

வயர் இழுக்க வந்த மிஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா சாமி, இது மணி அடிக்கிற பித்தானாச்சே! அமுக்கினா எரியும், கைய எடுத்தா அணைஞ்சுடும். வெளக்குக்கு ரெண்டு குமிழ் வச்சது தனியா கீது. ஒண்ண அமுக்கினா எரிஞ்சுக்கினே இருக்கும், இன்னொண்ண அமுக்கினாத்தான் அணையும்."

"பித்தானிலே என்னப்பா ஜாதி? சொன்னதைச் செய்" என்றார் அத்திம்பேர். மாப்பிள்ளையாயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

வெள்ளிக்கிழமை காலை அம்மா ஸ்நானம் செய்துவிட்டு வந்து பித்தானை அழுத்தினாள்.

"தெரியறதுடா! மூக்குத்திகூடத் தெரியறது!"

கும்பிட இரண்டு கையையும் சேர்த்தாள். விளக்கு அணைந்தது. மறுபடி அழுத்தினாள், சேர்த்தாள், அணைந்தது. ஒற்றைக் கையால் அம்பாளைக் கும்பிட அவளுக்கு மனசு வரவில்லை. நாலாவது தடவை தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கரண்டிலே ஏதோ கோளாறு" என்றார் அந்த மகா மேதை.

"கரண்டிலே இல்லை அத்திம்பேரே. வந்து விரலை வையுங்கோ."

"நானா?"

"சிரமமில்லேன்னா, மாப்பிள்ளை..." என்று அம்மா இழுத்தாள். மாமியார் வார்த்தையைத் தட்ட முடியுமா? வந்து அழுத்திக்கொண்டு நின்றார்.

அம்மா அம்பாளின் ஆயிரம் நாமாவையும் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கை மாற்றும்போதெல்லாம் விளக்கு கண் சிமிட்டியது.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "நிதானமாச் சொல்லும்மா. அவருக்கு இன்னிக்கு லீவுதான்!"

கடைசி நாமாவையும் சொல்லிவிட்டு, இரண்டு கையும் கூப்பி, கண்ணில் நீர் வழிய அம்மா அம்பாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்திம்பேரின் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது. அம்பாளே, தாயே, நீ மன்னிக்க வேண்டும். நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.