சீஸுக்குக் கீழே

மொன்றியலின் பழைய பீட்சாக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. காளான், பச்சைக் குடைமிளகாய், பெப்பரோனி என்கிற பன்றியிறைச்சித் துண்டு எல்லாவற்றையும் தக்காளிக் குழம்பின்மேல் பரப்பி, அதற்கு மேலேதான் சீஸைப் போடுவார்கள். அடுப்பிலிருந்து வெளியே வரும்போது உருகிச் சிவந்த சீஸைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. வேறு ஊர்களில் எல்லாம் மேலே கிடக்கும். தின்பவர் பார்த்துத் தின்னலாம். எங்கள் ஊரில் கடித்தால்தான் தெரியும். இதைப்பற்றி இங்குள்ளவர்கள் பெருமை பேசுவார்கள். எனக்கோ ஒன்பது வயதில் இந்த வழக்கத்தின்மேல் பெருங்கோபம் வந்தது.

அந்த வருடம் வசந்தத்தில், அம்மாவின் ஒரே தம்பியான மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு இருபது வயது. ஊரில் இராணுவம் இளம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கிய நாளிலேயே அம்மா முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். தம்பி வந்து சேரும்வரை மச்சம் தொடுவதில்லை, அதாவது மீனுமில்லை இறைச்சியுமில்லை. இது லேசான நேர்த்தி அல்ல. அம்மா மீனில்லாமல் சோற்றைப் பார்க்காத பெண். ஜான்-டலோன் சந்தையில் மீன்கடை வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார்.

மாமா வந்த மறுநாளே அப்பா பெரிய மீனொன்றை வாங்கிக்கொண்டு வந்து குசினி மேசையில் வைத்தார். டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்துவிட்டு, பஸ் மாறி மாறிச் சுமந்து வந்த மீன். அம்மா அதைக் குழம்பு வைத்து எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தனக்குப் போஞ்சிக்காய்க் கறி வைத்துக்கொண்டார்.

“இஞ்சாரும், தம்பிதான் வந்திட்டானே?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“பாப்பம்,” என்றார் அம்மா.

முருகனோடு அம்மாவுக்கு வேறும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று நான் முடிவுசெய்தேன். அக்கா ஏதோ நேர்த்தியில் இருக்கிறார் என்பது மட்டும் மாமாவுக்குத் தெரியும். அது தனக்காகத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் “ஓம்” என்றுதான் சொல்லியிருப்பார். அவரிடம் அந்த நாட்களில் இருந்தது ஓம், இல்லை என்ற இரண்டு சொற்கள்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால், சாப்பாட்டின் நடுவிலும் கை கழுவாமல் எழும்பிப்போய்க் குளியலறைக்குள் நின்றுவிட்டு வருவார். நாங்கள் யாரும் ஏனென்று கேட்பதில்லை. அம்மா அவருடைய தட்டை மூடிவைப்பார். எனக்கு அவரைக் கண்டால் பயமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கோடையில் அப்பா அவரை ஒரு பீட்சாக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். சந்தைக்குப் பக்கத்தில் கிழட்டு இத்தாலியர் ஒருவர் தன் தகப்பன் காலத்திலிருந்து நடத்திவந்த கடை அது. மாமா முதலில் கோப்பை கழுவினார், பிறகு காளான் வெட்டினார். வீட்டில் அதைப்பற்றியும் ஒரு சொல் இல்லை.

முதல் பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டில் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. மொன்றியலில் இரும்புப் படிகளை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் விழுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கதவைத் திறந்தால், மாமா முழங்காலெல்லாம் பனியாக, ஒரு மட்டைப் பெட்டியை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி நின்றார்.

“நானே செய்தது அக்கா. முழுக்க நானே.”

ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. அடுப்பில் நிற்கிற ஆள் வராதபடியால் கிழவர் அன்று மாமாவை நிற்கவிட்டாராம். பாதியில் இறைச்சி போட்டிருக்கிறது, மற்றப் பாதி அக்காவுக்காக வெறும் காளானும் மிளகாயும் என்றார். பெட்டியில் கடையின் பெயர் எழுதியிருக்கிற பக்கம் அக்காவின் பாதி.

மேசையில் வைத்துத் திறந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. படியில் விழுந்ததில், வட்டமான அந்தப் பண்டம் பெட்டிக்குள் நன்றாகச் சுற்றிப்போயிருந்தது. எது எந்தப் பாதியென்று செய்தவருக்கே தெரியவில்லை. நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்து தேடினோம். எங்கும் ஒரே சீஸ்.

“கொஞ்சம் கிளப்பிப் பாப்பம்,” என்று அப்பா கரண்டியை எடுத்தார்.

“ஐயோ அத்தான், கிளப்பக் கூடாது!” என்று மாமா அவர் கையைப் பிடித்தார். “நான் அடையாளத்துக்கு ஒரு காளானை மேல வைக்க, கிழவன் பிடுங்கி எறிஞ்சிட்டான். சீஸைத் திறந்து பாக்கிறவனுக்கு என்ர கடையில இடமில்லை எண்டு ஒரே சத்தம்.”

சொல்லிவிட்டுக் கிழவராகவே மாறினார். வயிற்றைத் தள்ளினார், விரல்களைக் குவித்து ஆட்டினார், இத்தாலிய பாஷையும் பிரெஞ்சும் கலந்து கூரை அதிர வைதார். அப்பா கண்ணில் நீர்வரச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். மேலே ஒரு விமானம் போனது. அவர் கதையை நிறுத்தவில்லை.

அம்மா பீட்சாவைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, கிட்ட இருந்த துண்டொன்றை எடுத்துக் கடித்தார்.

மாமாவின் சிரிப்பு நின்றது. “அக்கா… மரக்கறிதானே?” என்று கேட்டார். அவர் முகம் பழையபடி மூடிக்கொள்ளப் பார்த்தது.

அம்மா ஆறுதலாக மென்று விழுங்கினார். “மரக்கறிதான்டா. காளான்.”

நான் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். கடித்த ஓரத்தில், சீஸுக்குக் கீழிருந்து ஒரு சிவப்பு வட்டம் எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்திருக்கிறேன், அது பெப்பரோனிதான். சொல்ல வாயைத் திறந்தேன். “சாப்பிடு பிள்ளை,” என்று ஒரு துண்டை அம்மா என் வாயில் திணித்தார். அப்பா மறுபக்கத்துத் துண்டை எடுத்தார். அதிலே காளானையும் மிளகாயையும் தவிர ஒன்றுமில்லை என்பது எனக்கே தெரிந்தது. அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, “இறைச்சி திறம் தம்பி,” என்றார். பெரியவர்களுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாமா சாப்பிடவேயில்லை. கதைத்துக்கொண்டே இருந்தார்.

படுக்கப் போகுமுன், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்த முருகன் படத்துக்கு முன்னால் நின்று நான் அம்மாவுக்காக வாதாடினேன். அம்மாவில் பிழையில்லை, பிழையெல்லாம் சீஸில் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். மீன்கடை வந்ததும் முகத்தைத் திருப்பவில்லை. நேரே உள்ளே போய், ஒரு மீனின் செவுளைக் கிளப்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அம்மா, நேர்த்தி?”

“அது முடிஞ்சுது.”

யாரோ பெப்பரோனி விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், முறிந்த நேர்த்தியைக் காத்து என்ன பயன் என்று அம்மா கைவிட்டுவிட்டார் என்றுதான் எண்ணினேன். அன்று மீன்தலையை அம்மா உறிஞ்சிச் சாப்பிட்டதை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த எண்ணத்தோடுதான் வளர்ந்தேன். போன மாதம் மாமாவின் மகளுக்குப் பிறந்தநாள். கிழவர் போய்விட்டாலும் கடை இருக்கிறது, அங்கேதான் கூடினோம். இப்போது மாமா வாயைத் திறந்தால் மூடவைப்பதுதான் பாடு. அவர் மேசையின் அந்தக் கோடியில் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருக்க, அம்மாவின் காதருகே குனிந்து கேட்டேன், அன்றைக்குக் கடித்தது இறைச்சியென்று அம்மாவுக்குத் தெரியுமா என்று.

“வாயில வைச்ச உடனேயே தெரியும்.”

“அப்ப நேர்த்தி? தம்பி வந்து சேரும்வரைக்கும் எண்டெல்லோ வைச்சனீங்கள். அவர் வந்து எத்தினை மாசம்…”

அம்மா மாமா இருந்த பக்கம் பார்த்தார்.

“அவன் அண்டைக்குத்தானே பிள்ளை வந்து சேந்தவன்.”