சிவப்பு அம்பு ஒட்டிய கடிதம்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவதுதான் என் பிழைப்பு. துணி இன்னும் சாயப்பட்டறையை விட்டே வந்திருக்காது. "தையல் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாம் சரியாகப் போகிறது" என்று கூசாமல் எழுதுவேன். பத்து வருஷப் பழக்கம். இந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு கர்வம்கூட உண்டு.

பெற்ற அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அந்தக் கர்வம் இருந்த இடம் தெரியவில்லை. கைக்குழந்தையாகத் தத்து கொடுக்கப்பட்டவள் நான். வளர்த்த அம்மா அதைச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார். முப்பதைத் தாண்டிய பிறகுதான் தேட ஆரம்பித்தேன். தத்து கொடுத்த இல்லத்தின் சமூகப் பணியாளர் பெற்றவரைக் கண்டுபிடித்து, ஒரு நிபந்தனையோடு வந்தார். முதலில் கடிதம் மட்டும். பெயர், ஊர் எதுவும் கூடாது. அவர் சம்மதித்தால்தான் சந்திப்பு.

போகிற போக்கில் ஒரு தகவலும் சொன்னார். அவருக்கும் பனியன் கம்பெனியில்தான் வேலையாம், செக்கிங்கில். தைத்து வருகிற பீஸைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை.

எனக்கு அவரை எப்படியாவது பார்த்தாக வேண்டும். பயந்து பின்வாங்கிவிடக் கூடாதே என்று, பையரைத் தாஜா செய்கிற மாதிரியே எழுதினேன். எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. உங்களைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை. உங்கள் மேல் கோபமே இல்லை. நாலு நாள் மண்டையை உடைத்து எழுதியது, எனக்கே திருப்தியாக இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தக் கடிதமே திரும்பி வந்தது. பதிலாக ஒரு எழுத்துகூட இல்லை. அந்த மூன்று வரிகளின் ஓரத்தில், வரிக்கு ஒன்றாக, மூன்று சிவப்பு அம்புகள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இத்தனை வருஷம் ஆளக் காணோம், இப்ப என் கடுதாசிய ரிஜெக்ட் பண்றாங்களாமா!" என்று வீட்டில் குதித்தேன். வளர்த்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"சரியாத்தான ஒட்டியிருக்காங்க கண்ணு. கோவமே இல்லியாமா! அப்பறம் இப்ப எதுக்கு இந்தக் குதி குதிக்கற? எட்டாவது படிக்கறப்ப, பெத்தவ வந்து கூட்டிட்டுப் போவான்னு ஒரு வாரம் வாசல்லயே உக்காந்திருந்தியே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அந்த ஒரு வாரம் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாகிவிட்டது.

பிறகுதான் மண்டையில் உறைத்தது. அம்பு ஒட்டுவது பீஸைத் தூக்கிப் போடுவதற்கு இல்லை. சரிசெய்து மறுபடி அனுப்பு என்று சொல்வதற்கு. பத்து வருஷம் இதே தொழிலில் கிடந்தும் அது எனக்குத் தோன்றாமல் போனதே!

அன்றைக்கே, சமையல் மேடையில் நின்றபடியே, அடித்தல் திருத்தலோடு இன்னொன்று எழுதினேன். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன். பஸ்ஸில் என் ஜாடையில் யாராவது இருந்தால் இறங்குகிற இடத்தைத் தவறவிடுவேன். உங்கள் மேல் கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நேரில் நின்று வாய் ஓயத் திட்ட வேண்டும்.

அனுப்பிவிட்டு, காரியம் கெட்டது என்றே முடிவு கட்டினேன். இனி எந்த அம்மா வருவார்?

மூன்றாவது நாளே சமூகப் பணியாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். சந்திப்புக்கான சம்மதப் படிவத்தை என் முன்னால் வைத்தார். பெற்ற அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் கீழே, யாரும் கேட்காமலே, பென்சிலில் கோணல்மாணலாக ஒரு வரி.

"வந்து திட்டு கண்ணு. ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான்."